கோமதிநாயகத்தின் கைராசி

சங்கரன்கோவிலில் புதிதாக லாரியோ காரோ வாங்குகிறவர்கள் அதைக் கோமதி அம்மன் சந்நிதிக்கு எதிரே நிறுத்தி, மாலை சூட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகும் தாமாக ஏறி ஓட்டிவிட மாட்டார்கள். கோமதிநாயகத்தை அழைத்து வர ஆள் போகும். அவர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, தேர் ஓடும் வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவார். அதற்குப் பிறகுதான் வண்டியின் சொந்தக்காரருக்கு மூச்சு வரும். அவருடைய கை பட்ட வண்டி கவிழாது என்பது ஊரின் நம்பிக்கை. எழுபதுகளின் இறுதியில் வேர்விட்ட அந்த நம்பிக்கை, எண்பதுகளில் பஸ் நிலையத்துக் கடைக்காரர்கள் அவருடைய பெயரையே மறந்து 'கைராசி அண்ணாச்சி' என்று அழைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தப் பெயர் வந்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருடைய மனைவி முப்பிடாதியம்மாளை மட்டும் யாரும் கேட்டதில்லை.

கதை ஒரு ஜீப்பில் தொடங்குகிறது. பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலையின் முதலாளி வேல்சாமி, இளையரசனேந்தல், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்குச் சென்று விலை பேசி வருவதற்காக, இராணுவத்தார் கழித்து ஏலம் விட்ட ஜீப் ஒன்றை எடுத்து வந்தார். நிற்கும்போது அது சாது. மெதுவாக ஓடும்போதும் சாதுதான். சற்று வேகம் பிடித்திருக்கும் நேரத்தில் முன்சக்கரம் ஒன்று குழியிலோ மேட்டிலோ இடித்துவிட்டால் மட்டும் அதன் குணம் மாறிவிடும். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தது. ஆகையால், ஒரு சக்கரம் வாங்கிய அடியை மற்றச் சக்கரமும் வாங்கிக்கொண்டு, இரண்டும் மாறி மாறி உதறத் தொடங்கும். உதறல் ஸ்டியரிங்குக்கு ஏறும். பிடித்திருப்பவருடைய மணிக்கட்டை முறிக்க வந்ததுபோல அது இடமும் வலமும் வெட்டி வெட்டி இழுக்கும். முகப்பு விளக்குகள் கழன்று விழப் போவதுபோல் ஆடும். பின்னால் அமர்ந்திருப்பவர்களின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்.

முதலில் வந்த டிரைவர் சாவியைக் கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார். அடுத்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

"முதலாளி, இது வண்டி இல்ல, சாமியாடி. இதுக்கு டிரைவர் தேடாதீங்க. உடுக்கு அடிக்க ஆள் பாருங்க."

முதலாளி சிரிக்கவில்லை. ஊரில் எந்த நோய்க்கும் பூசிக்கொள்ளும் கோவில் புற்றுமண்ணைக் குழைத்து, ஸ்டியரிங்கில் தம் கையாலேயே பூசினார். மண் காய்ந்து உதிர்ந்ததே தவிர, ஆட்டம் நிற்கவில்லை.

அப்போதுதான் கோமதிநாயகம் வேலை கேட்டு வந்தார். வயது முப்பதைக் கடந்திருந்தது. ஒல்லியான உடம்பு, வெற்றிலை இல்லாத வாயோடு அவரைப் பார்த்தவர்கள் இல்லை. பல லாரிகளில் மாற்று டிரைவராக ஓடியவர், எந்த லாரியிலும் நிலைத்ததில்லை. அவரை மோசமான டிரைவர் என்று யாரும் சொன்னதில்லை. நல்ல டிரைவர் என்றும் சொன்னதில்லை. நாற்பது பேர் இருக்கும் இடத்தில் நாற்பத்தொன்றாவது ஆளாக நிற்பதே அவருடைய வாழ்க்கையாக இருந்தது.

முதல் நாள் முதலாளியும், ஆலையில் பருத்தி எடை போடும் சிவனாண்டியும் பின்னால் அமர, அவர் இளையரசனேந்தல் சாலையில் ஜீப்பை ஓட்டிச் சென்றார். வழியில் ஒரு தாம்போதி உண்டு. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் சாலையின் மீதே கடந்து செல்வதற்காக, சாலையைத் தாழ்த்திக் கல் பாவியிருந்தார்கள். அதன் விளிம்பில் வெள்ளையடித்த எல்லைக்கல் ஒன்று நின்றது. ஜீப் அந்த விளிம்பில் இடித்ததும் ஆட்டம் வந்துவிட்டது. கோமதிநாயகம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். வாய் நிறைய வெற்றிலைச் சாறு இருந்தது. ஒரு குலுக்கலில் அது தொண்டைக்குள் இறங்கிப் புரையேறியது. துப்பாவிட்டால் மூச்சு அடைத்துவிடும் என்ற நிலையில், அவருடைய கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்துவிட்டது. தலையை வெளியே நீட்டித் துப்பினார். துப்பி முடித்து நிமிர்ந்தபோது ஜீப் வேகம் குறைந்து, பால் குடித்த குழந்தையைப் போல அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அவர் முன்னதாகவே காலை எடுத்தார். தாம்போதிக்கு அருகில் ஊர்ந்து, கல்லைப் பார்த்துத் துப்பிவிட்டு, ஜீப்பை மெல்ல இறக்கி ஏற்றினார். ஜீப் ஆடவே இல்லை.

பின்னால் இருந்தவர்களுக்கு அவருடைய கால் தெரியவில்லை. ஸ்டியரிங்கை விடாத கைகள்தாம் தெரிந்தன.

"பார்த்தீரா சிவனாண்டி, மத்தவன் கைல பேயா ஆடுச்சு. இவரு கைல பசு மாதிரி நிக்கு," என்றார் முதலாளி.

"கைராசி முதலாளி. சில பேருக்குப் பிறவிலயே வாரது," என்றார் சிவனாண்டி.

காலை எடுத்ததால் நின்றது என்று சொல்லிவிடத்தான் கோமதிநாயகம் நினைத்தார். வாயில் புதிதாகப் போட்ட வெற்றிலை இருந்தது. பேசுவதற்கு அதைத் துப்ப வேண்டும். துப்புவதற்குள் பேச்சு பருத்தி விலைக்குப் போய்விட்டது. மறுநாள் ஆலைக்குள் நுழைந்தபோது, மூட்டை தூக்குகிறவர்கள் அவருக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். அவருக்கு அதுவரை யாரும் வழி விட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த உண்மையைச் சொல்ல நினைக்கவும் இல்லை.

நாளடைவில் பெயர் அவரைச் சுமந்தது. பிறகு அவரே பெயரைச் சுமக்கத் தொடங்கினார். டீக்கடையில் அமர்ந்து தம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். "அந்த ஜீப்பு கழுதைன்னா கழுதைதான். ஆனா ஏங் கைய அதுக்குத் தெரியும். நான் ஓட்டுனா ஆடாது," என்பார். கேட்பவர்கள் அந்தக் கையில் ஏதோ ரேகை இருப்பதாகக் குனிந்து பார்ப்பார்கள். மேடு பள்ளம் வரும் இடங்களில் எல்லாம் ஜீப் மெதுவாவதைப் பார்த்தவர்கள், அவர் வெற்றிலை துப்புகிறார் என்று மட்டுமே நினைத்தார்கள்.

ஒருமுறை, பிரேக் பார்ப்பதற்காக ஜீப்பைப் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ரசூலின் பட்டறைக்குக் கொண்டு சென்றார்கள். ரசூல் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கைகளாலும் அசைத்துப் பார்த்துவிட்டு முதலாளியிடம் வந்தார்.

"முன் அச்சு மொத்தத்தையும் இறக்கணும் முதலாளி. சக்கரத்த அச்சோட பிடிச்சிருக்க கிங்பின் தேஞ்சு போச்சு. சக்கரத்தத் திருப்புத கம்பி முனையெல்லாம் ஆடுது. மாத்தாம ஓட்டுனா என்னைக்காவது தூக்கி அடிச்சிரும்."

"எத்தன நாளு நிக்கும்?"

"சாமான் மதுரைல இருந்து வரணும். ரெண்டு வாரம் பிடிக்கும்."

"பருத்தி நேரத்துலயா? நல்லாச் சொன்னேரு," என்று முதலாளி கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார். "நீரு என்ன சொல்லுதீரு? நீருதான ஓட்டுதீரு?"

அன்று அவர் ரசூல் சொன்னதற்குத் தலையை அசைத்திருந்தால் போதும். முதலாளி கஞ்சத்தனம் உள்ளவர்தாம். ஆனாலும் டிரைவரின் சொல்லைத் தட்டக்கூடியவர் அல்லர். ஜீப் பழுது நீங்கி வந்தால் யார் ஓட்டினாலும் ஆடாது. யார் ஓட்டினாலும் ஆடாத வண்டிக்குக் கைராசி எதற்கு? இதைக் கோமதிநாயகம் இவ்வளவு தெளிவாக எண்ணிப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

"எதுக்கு முதலாளி பிரிச்சுப் போட்டுக்கிட்டு? ஏங் கைல ஆடலையே."

"உங்க கைன்னு இரும்புக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்றார் ரசூல்.

"ஒமக்கு வேலை இல்லைன்னா வேற வண்டியப் பிரியும் வே. இத விடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ரசூலும் சிரித்துவிட்டு, நட்டுகளை முறுக்கி, கிரீஸ் அடித்து அனுப்பிவிட்டார்.

முப்பிடாதியம்மாளுக்கு ஒரே தம்பி. பெயர் காளிராஜ். தாய் தந்தையரை இழந்த அவனை அக்காள்தான் வளர்த்து ஆளாக்கினாள். லாரிகளில் மாற்று டிரைவராக ஓடிக்கொண்டிருந்தான். வெற்றிலை, பீடி எதுவும் அவனிடம் கிடையாது. அத்தானின் கைராசியைப் பற்றி ஊர் பேசியதை அவனைப்போல நம்பியவர் வேறு யாரும் இல்லை.

ஒரு பங்குனி மாதத்தில் கோமதிநாயகத்துக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, அவரை உள்ளறையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். பருத்தி வந்து குவியும் காலம். முதலாளியால் ஜீப்பை நிறுத்தி வைக்க முடியவில்லை. காளிராஜை அழைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். அவன் அன்று காலையில் அக்காள் வீட்டு வாசலுக்கு வந்து, வேப்பிலைக்கு அப்பால் நின்றபடியே கேட்டான்.

"அத்தான், ஜீப்பை எடுக்கப் போறேன். ஆடுச்சுன்னா என்ன செய்ய?"

பாயில் கிடந்தவருக்கு உடம்பெல்லாம் கொப்புளம், எரிச்சல். அம்மை இறங்கி எழுந்து போகும்போது தமக்கு மிஞ்சப்போவது அந்த ஒரு பெயர்தான் என்பதும் நினைவில் இருந்தது. 'காலை எடு' என்பது இரண்டு சொற்கள். அந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டால், மாலைக்குள் காளிராஜ் ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

"உறுதியாப் பிடிச்சுக்கோ மாப்ள," என்றார். "கைய விட்டுராத. கைக்குத்தான் அடங்கும்."

"சரி அத்தான்."

முப்பிடாதி அடுப்படியில் இருந்தாள். கேள்வியும் பதிலும் அவள் காதில் விழுந்தன. தம்பிக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

இளையரசனேந்தல் சாலைத் தாம்போதியில் ஜீப் கவிழ்ந்தது. உடன் சென்ற சிவனாண்டி, தோள் எலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். காளிராஜ் பிழைக்கவில்லை. செய்தி வந்தபோது கோமதிநாயகத்துக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. அம்மை கண்டவர் வீட்டைவிட்டு இழவுக்குப் போகக்கூடாது. முப்பிடாதி தனியாகப் போய்த் தம்பியை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அம்மை இறங்கிய பிறகு, கையைத் தூளியில் தொங்கவிட்டபடி சிவனாண்டி துக்கம் கேட்க வந்தார்.

"கெட்டிக்காரப் பையன் அண்ணாச்சி. குத்தம் சொல்லக் கூடாது," என்றார். "ஆட ஆரம்பிச்சதும் நான் கத்துனேன். மெதுவாப் போ லே, மெதுவாப் போ லேன்னேன். 'அத்தான் பிடிக்கத்தான் சொன்னாரு'ன்னான். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பிடிச்சான். வேகம் கொறையவே இல்ல. கவுந்து கெடக்கும்போதும் அவன் கைய ஸ்டியரிங்குல இருந்து பிரிச்சுத்தான் எடுத்தோம்."

முப்பிடாதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவனாண்டி ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து மேலும் சொன்னார்.

"என்ன செய்ய? பிடிச்சதெல்லாம் சரிதான். உங்க கை அவனுக்கு இல்லையே. நீங்க மட்டும் இருந்திருந்தா இது நடந்திருக்குமா?"

துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் இதையே சொன்னார்கள். விபத்தை விசாரிக்க வந்த போலீஸார், ஓட்டியவருக்கு அனுபவம் போதவில்லை என்று முடித்துக்கொண்டு போனார்கள். கோமதிநாயகத்தின் கைராசி அதுவரை டீக்கடைப் பேச்சாகத்தான் இருந்தது. காளிராஜ் செத்துத்தான் அது ஊரறிந்த உண்மையாயிற்று.

இறந்தவன் விழுந்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும் என்று முப்பிடாதி பிடிவாதமாக நின்றாள். இருவரும் பஸ் பிடித்துப் போய், தாம்போதிக்கு அருகில் இறங்கினார்கள். ஓடையில் தண்ணீர் இல்லை. கண்ணாடித் துண்டுகள் மட்டும் வெயிலில் மின்னின. பாலை ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள், விளிம்பில் இருந்த எல்லைக்கல்லைப் பார்த்தாள். மூன்று பக்கமும் சுண்ணாம்பு வெள்ளை. சாலையைப் பார்த்த பக்கம் மட்டும், மேலிருந்து கீழ்வரை, பழுப்பேறிய சிவப்பு. ஏதோ சாமிக் கல்லாக இருக்கும் என்று கும்பிடப் போனவள், அருகில் சென்றதும் கையை இறக்கிக்கொண்டாள். வெற்றிலைக் கறையைத் தினமும் கழுவித் துவைக்கிறவளுக்கு அந்த நிறம் தெரியாதா?

"இது நீங்க துப்புனதா?"

"ஆமா."

"எப்பமும் இங்கனதான் துப்புவீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓடுத வண்டில இருந்து துப்புனா கல்லுல படாது. காத்துல பறக்கும்," என்றாள் முப்பிடாதி. "வண்டிய மெதுவாக்குனாத்தான் படும்."

"ஏட்டி..."

"மெதுவாக்குனா ஆடாதா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டும் குரல் கேட்டது. கோமதிநாயகம் தரையைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"வாசல்ல வந்து கேட்டானே," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நீங்க பிடிக்கச் சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டுதான இருந்தேன். ஏந் தம்பி வெத்தல போட மாட்டானே."

அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்தியவள் அவள்தான். ஏறியதும் அவரை விட்டு விலகி, பெண்கள் வரிசையில் போய் அமர்ந்துகொண்டாள்.

அவர் அந்த உண்மையை ஊருக்குச் சொல்லாமல் விட்டுவிடவில்லை. முதலில் முதலாளியிடம் சொன்னார். அவர் கோமதிநாயகத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "செத்துப்போன பிள்ளைமேல பழி வரக் கூடாதுன்னு நீரு இப்படிச் சொல்லுதீரு. பெரிய மனசு வே ஒமக்கு," என்றார். டீக்கடையில் சொன்னார். "துக்கத்துல பேசுதாரு, விடுங்க," என்று ஒருவர் டீயை வாங்கிக் கொடுத்தார். ரசூலிடம் சொன்னபோது அவர் மட்டும் நம்பினார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு நானும் சிரிச்சுட்டுத்தான நட்ட முறுக்குனேன்," என்று சொல்லிவிட்டு, எழுந்து வேறொரு வண்டியின் அடியில் புகுந்துகொண்டார்.

தாம்போதியிலிருந்து திரும்பிய அன்றே கோமதிநாயகம் வெற்றிலைப் பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டார். முதலாளி அவரை ஆலையின் லாரிக்கு மாற்றியிருந்தார். மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்பட்டவருக்கு முன்னால் முப்பிடாதி வந்து நின்றாள். சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்த வெற்றிலை அவள் கையில் இருந்தது.

"வேண்டாம்ட்டி. விட்டுட்டேன்."

"விடக் கூடாது," என்றாள். "காலை எடுக்கதுக்கு உங்களுக்கு வேற என்ன தெரியும்? ஒங்க வண்டில ஏறுதவன் எவளுக்காவது தம்பியா இருப்பான்."

அவர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் மடித்துக் கொடுத்தாள். அவர் வாங்கி மென்றார். அது அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள். அவர் ஓட்டும் எந்த வண்டியிலும் ஏறவில்லை. தென்காசியில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு ஆலையின் காரில் போகலாம் என்று முதலாளி சொன்னபோதும், அவள் ரயிலில்தான் போனாள்.

எண்பதுகளின் நடுவில் வேல்சாமி முதலாளி புத்தம்புதிய ஜீப் ஒன்று வாங்கினார். சந்நிதிக்கு எதிரே நிறுத்தி மாலை போட்டார்கள். ஊரில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். முதலாளி சாவியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

"நல்ல நேரம் முடியப் போகுது. ஏறும் வே."

தலை நரைத்துவிட்ட கோமதிநாயகம் சாவியை எடுக்கவில்லை.

"முதலாளி, இது ஏங் கையால ஆனது இல்ல. அன்னைக்கும் ஏங் கை இல்ல. நான் காலைத்தான் எடுத்தேன். அத அந்தப் பையன்கிட்டச் சொல்லாம மறச்சேன்."

முதலாளி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்களா? இவ்வளவு கைராசி இருந்தும் ஒரு பெருமை உண்டா பாருங்க."

கூட்டம் சிரித்துத் தலையசைத்தது. யாரோ சாவியை அவருடைய உள்ளங்கையில் திணித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் முப்பிடாதியம்மாள் நிற்பதைக் கண்ட முதலாளி, "நீயும் ஏறிக்கோம்மா, சுமங்கலி ஒக்காந்தா வண்டிக்கு நல்லது," என்றார்.

"நான் நடந்து போய்க்கிடுதேன்," என்றாள் அவள். முன்னால் வந்து, முந்தியின் முடிச்சை அவிழ்த்து, மடித்த வெற்றிலையை எடுத்து, சாவி இருந்த அதே கையில் வைத்தாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு ஏறினார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ஜீப் வீதியில் ஆட்டமின்றி வழுக்கிக்கொண்டு போயிற்று. குழியும் மேடும் இல்லாத ஒரு திருப்பத்தில் அது மெதுவாக ஊர்ந்தது; கோமதிநாயகம் தலையை வெளியே நீட்டித் துப்பினார். பின்னால் சைக்கிளில் வந்த ஒருவர், "அண்ணாச்சி இன்னும் பழக்கத்த விடல," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

சுற்றி முடித்து அவர் சந்நிதிக்குத் திரும்பியபோது முப்பிடாதியம்மாள் அங்கே இல்லை. முதலாளி ஓடி வந்து, ஸ்டியரிங்கிலிருந்து எடுத்த அந்தக் கைகளைத் தம் இரு கைகளாலும் பற்றி, கண்களில் ஒற்றிக்கொண்டார்.